வெற்றுத் தாளில் விழுந்த எண்

புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லாரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்பார்கள். ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு அறை, இரண்டு குழு, நடுவில் ஓர் ஆள்? ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்தால் பாதி நாளில் முடிந்துவிடுமே? முடியும். பேசிக்கொண்டே வேலை செய்வதில் கொல்கத்தாவை மிஞ்ச ஊர் கிடையாது. அதனால்தான் இரண்டு அறை.

நிரல் எழுதுவது பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர எதுவும் இல்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த இரண்டு அறைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காலத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் ஏழெட்டுப் பேர் கூடினோம். உலகத்தின் பெரும்பாலான மேஜைகளில் அப்போதே ஓர் இயங்குதளம் உட்கார்ந்திருந்தது. அதற்காக எழுதப்பட்ட நிரல்கள் எல்லாம் ஓர் எழுத்துகூட மாற்றாமல் ஓடக்கூடிய இன்னொன்றைக் கட்ட வேண்டும், அதை யார் வேண்டுமானாலும் எடுத்து, திறந்து பார்த்து, திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டும். இதுதான் திட்டம். பல நாட்டுக்காரர்கள் ஒரு மின்னஞ்சல் குழுவின் மூலம் சேர்ந்து செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் பங்குக்கு வந்தது அச்சடிக்கும் பகுதி. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

வீட்டுக்காரர் ஒரு வக்கீல். கீழ்த்தளத்தில் அவருடைய அலுவலகம். தெருவே அவரை உகில்பாபு என்றுதான் கூப்பிடும், வங்காளியில் வக்கீலய்யா என்று பொருள். பெயரை நான் சொல்லப் போவதில்லை. நாங்கள் செய்யப்போவதைக் கேட்டுவிட்டு அவர் இப்படிச் சொன்னார்:

“ஒருத்தன் வீட்டைப் பார்த்து அதே மாதிரி இன்னொரு வீடு கட்டலாம். அவன் வரைபடத்தைத் திருடிக் கட்டக் கூடாது. ஆனா கட்டி முடிச்சப்புறம் ரெண்டு வீடும் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்ப கோர்ட் உன்கிட்ட என்ன கேக்கும் தெரியுமா? உனக்கு என்ன தெரியும்னு கேக்காது. கட்டும்போது நீ எங்க உக்காந்திருந்தேன்னு கேக்கும்.”

அன்றுதான் மாடி இரண்டாகப் பிரிந்தது. தெருப்பக்கத்து அறை, பார்க்கும் அறை. அங்கே இருப்பவர்கள் பழைய இயங்குதளத்தை ஓட்டிப் பார்ப்பார்கள், பிரித்துப் பார்ப்பார்கள், அது என்ன செய்கிறது என்பதைச் சாதாரண வாக்கியங்களில் எழுதுவார்கள். எப்படிச் செய்கிறது என்று எழுதக் கூடாது. பின்பக்கத்து அறை, எழுதும் அறை. அங்கே இருப்பவர்கள் பழையதன் உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை, பார்க்கவும் மாட்டார்கள். வாக்கியங்களை மட்டும் படித்து நிரல் எழுதுவார்கள். நடுவில் நடைவழி, அதில் ஒரு நாற்காலி, அதில் நான். ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவன் என்பதால் எதையும் சந்தேகத்தோடு படிக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போகும் ஒவ்வொரு தாளையும் படித்து, விவரணை மட்டும்தான் போகிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை.

இரண்டு குழுவும் ஒரே கடையில் டீ குடிக்கக் கூடாது என்றும் விதி வைத்தேன். பார்க்கும் அறை தெருமுனைக் கடைக்குப் போகும், எழுதும் அறை சந்துக்குள் இருக்கும் கடைக்குப் போகும். இந்த ஊரில் ஒரு கூட்டம் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு டீக்கடைக்குப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். வெற்றிலைக் கடைக்காரர் ஒருநாள் என்னை நிறுத்தி, எந்த அறை எந்தக் கட்சி என்று மரியாதையாகக் கேட்டார்.

எழுதும் அறையில் சுபத்ரா இருந்தாள். அவள் அப்பா சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர், பூர்வீகம் அரக்கோணம் பக்கம். வேகன்கள் முட்டிக்கொள்ளும் சத்தத்தில் படித்து வளர்ந்தவள் என்பதால் காதருகே பூஜைப் பந்தல் ஒலிபெருக்கி வைத்தாலும் அவள் நிரல் எழுதுவது நிற்காது. என்னை மற்றவர்கள் எல்லாம் ‘மோனிதா’ என்பார்கள். மணி என்ற பெயர் வங்காளி வாயில் மோனி ஆகும், ‘தா’ என்றால் அண்ணன். அவள் மட்டும் அண்ணா என்பாள்.

பார்க்கும் அறையில் அனிர்பான் இருந்தான். ஜாதவ்பூர்ப் பையன், மெதுவாகப் பேசுவான், ஒரு வாக்கியத்தை எழுத ஒரு மத்தியானம் எடுத்துக்கொள்வான். அச்சடிப்பது பற்றிய விவரணை முழுவதையும் எழுதியவன் அவன்தான். ஒவ்வொரு வாக்கியமும் நான் படித்து அனுப்பியது.

இரண்டு அறைகளுக்கும் இடையே விவரணையைத் தவிர எந்தத் தகவலும் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் நான் நடைவழியில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் இருவரும் சேர்ந்து வந்து என் மேஜைமேல் கல்யாணப் பத்திரிகையை வைத்தார்கள். எனக்குத் தெரியாமல் இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கல்யாணமே போய் வந்திருக்கிறது.

உகில்பாபுவிடம் போய் என்ன செய்வது என்று கேட்டேன்.

“கணவனும் மனைவியும் தங்களுக்குள்ள பேசிக்கிட்டதைச் சொல்லுன்னு கோர்ட் கட்டாயப்படுத்தாது,” என்றார்.

“அப்ப நல்லதுதானே?”

“நல்லதா? கேட்டாலாவது ‘நாங்க பேசிக்கலை’ன்னு சொல்லலாம். கேக்காதவன்கிட்ட எப்படிச் சொல்வே?”

கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, அனிர்பானை அச்சடிக்கும் பகுதியிலிருந்து எடுத்து ஒலிப் பகுதிக்கு மாற்றினேன். அவன் எழுத வேண்டிய விவரணை ஏற்கெனவே முடிந்திருந்தது. சுபத்ரா அதை வைத்துக்கொண்டு தொடர்ந்து எழுதினாள். இரண்டு மழைக்காலம் அதிலேயே போயிற்று. எழுதி முடித்தபோது, பழைய நிரல் எதைக் கொடுத்தாலும் எங்கள் கணினி மறுபேச்சில்லாமல் அச்சடித்தது.

முதல் பொது வெளியீட்டுக்கு நாள் நெருங்கியது. சுபத்ரா படித்த சாந்த்ராகாச்சிப் பள்ளிக்கூடத்தில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கணினிகள் ஓர் அறை நிறைய இருந்தன. பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் அவற்றில் எங்கள் இயங்குதளத்தைப் போடுவதாக ஏற்பாடு. தலைமை ஆசிரியையிடம் மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் பழைய நிரல் ஒன்று இருந்தது. அது ஓட வேண்டும், அச்சாக வேண்டும், அவருக்கு வேறெதுவும் வேண்டாம். தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைத் தன் நிரல் அச்சடிக்கப் போகிறது என்பதைச் சுபத்ரா யாரிடமும் பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பழைய நிரலை மட்டும் தினமும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்வாள்.

அப்போதுதான் பாராட்டு வந்தது.

மின்னஞ்சல் குழுவில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர், எங்கள் முன்வெளியீட்டை எடுத்துச் சோதித்துவிட்டு எழுதியிருந்தார்: கொல்கத்தாக்காரர்கள் அபாரம். பழைய இயங்குதளத்தில் ஒரு கோளாறு உண்டு, எழுத்து சரியாகப் பக்கத்தின் கடைசி வரியில் முடிந்தால் தேவையில்லாமல் இன்னொரு வெற்றுத் தாள் வரும், அதன் அடியில் முந்தைய பக்கத்தின் எண்ணே மறுபடி விழும். அதைக்கூட விடாமல் அப்படியே கொண்டுவந்திருக்கிறார்கள். வாழ்த்துகள்.

எங்களுக்கு அப்படி ஒரு தாள் வருவதே தெரியாது. காகிதத்தை மிச்சம் பிடிக்கிற கூட்டம், எங்கள் சோதனை எல்லாம் நாலு வரியில் முடிந்துவிடும்.

அடுத்த மின்னஞ்சல் வேறொருவரிடமிருந்து. ஒரு வரிதான். இந்தக் கோளாறு உங்கள் விவரணையில் இல்லையே, எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது?

சுபத்ராவை நடைவழிக்குக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். படித்தாள்.

“முதல்ல இருக்கிறது பாராட்டா, அண்ணா?”

“அப்படித்தான் ஆரம்பிக்குது.”

அவள் உள்ளே போய் விவரணைத் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். என் மேஜையில் வைத்து இரண்டு இடத்தில் விரல் வைத்தாள்.

“பாருங்க. ‘பக்கம் நிறைந்தவுடன் அடுத்த தாளை எடு.’ இது ஒண்ணு. ‘ஒரு தாளில் முதல் வரி விழும்போது பக்க எண்ணை ஒன்று கூட்டு.’ இது ரெண்டு. நான் சொன்னதைச் செஞ்சேன். கடைசி வரியோட பக்கம் நிறைஞ்சா அடுத்த தாள் வந்துடும். அதுல எழுத ஒண்ணும் இல்ல. வரி விழல, அதனால நம்பர் ஏறல. பழைய நம்பரே அடியில விழுது. இதுல காப்பி அடிக்க என்ன இருக்கு?”

“எனக்குப் புரியுது.”

“உங்களுக்குப் புரிஞ்சு என்ன? அவங்களுக்கு எழுதுங்க.”

எழுதினேன். விளக்கம் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. கூடவே இன்னும் மூன்று கேள்விகள். அந்த வாக்கியங்களை எழுதியவர் யார்? நிரலை எழுதியவர் யார்? இருவருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

மறைக்கிற பேச்சே இல்லை. கணவன் மனைவி என்று எழுதினேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் எழுதவில்லை. மின்னஞ்சல் குழுவில் சண்டை வந்தால் பயப்பட வேண்டாம், சாதாரணம். எல்லாரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்தினால் பயப்பட வேண்டும்.

வெளியீட்டைப் பார்த்துக்கொள்கிற ஒருங்கிணைப்பாளர் எனக்குத் தனியாக எழுதினார். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள், உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் முடிவு செய்தால் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம், இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். இதைவிடக் கடுமையாக அவர் எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அனிர்பான் தானாகவே வந்தான். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அவனுக்கே உரிய மெதுவான வங்காளியில் சொன்னான்:

“மோனிதா, வீட்டுல நாங்க இதைப் பத்திப் பேசினதே இல்ல. ஒரு தடவை அவ தூக்கத்துல ‘பக்கம் நிறைஞ்சிடுச்சு’ன்னா. நான் எழுந்து வேற ரூமுக்குப் போய்ப் படுத்துக்கிட்டேன்.”

“அவளுக்கு அது தெரியுமா?”

“ஏன் போய்ப் படுத்தேன்னு காலையில கேட்டா. கொசுன்னு சொன்னேன்.”

நம்பினேன். இப்படி ஒரு பொய்யை யாராலும் தயாரிக்க முடியாது.

மறுநாள் காலை உகில்பாபு பஜாருக்குப் போயிருந்தார். அங்கேயே போய்ப் பிடித்தேன். ஒரு இலிஷ் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மரக்கறி சாப்பிடுகிறவனான நான் மூக்கைப் பிடிக்காமல், அதே சமயம் மூச்சும் விடாமல் விஷயம் முழுவதையும் சொன்னேன்.

“நீ அவங்களை நம்புறியா?”

“முழுசா.”

“நல்லது. அதை எடுத்துக் காட்டச் சொன்னா எதை எடுத்துக் காட்டுவே?”

அவர் செவுளை மூடிவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

“அவ எழுதினதை எடுத்துட்டா என்ன போகும்?”

“அச்சடிக்கிறது போகும். அவளோட ரெண்டு வருஷம் போகும்.”

“எடுக்காம விட்டா?”

“நாளைக்கு யாராவது கேஸ் போட்டா, அந்த ஒரு பகுதியை வச்சு மொத்தத்தையும் திருட்டுன்னு சொல்லலாம். முகம் தெரியாத எத்தனையோ பேர் எழுதினது எல்லாம் சேர்ந்து போகும்.”

“அவ்வளவுதான் வக்கீலால சொல்ல முடியும். மத்தது உன் நாற்காலிக்கு உள்ள வேலை,” என்றார். பிறகு மீன்காரரிடம் திரும்பி, இது நேற்றைய மீன் என்றார். மீன்காரர் இல்லை என்றார். அதற்கும் ஆதாரம் கிடையாது. உகில்பாபு வேறு கடைக்குப் போனார்.

மற்றவர்களுக்குச் சொல்வதற்கு முன் சுபத்ராவிடம் சொன்னேன். எழுதும் அறையில் அப்போது வேறு யாரும் இல்லை, வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது.

“உன் பகுதியை எடுத்துடப் போறோம், சுபத்ரா. இந்த வெளியீட்டுல அச்சடிக்கிற வசதி இருக்காது. வேற யாராவது முதல்லேர்ந்து எழுதணும்.”

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. “நான் பார்த்து எழுதினேன்னு நினைக்கிறீங்களா?”

“இல்ல.”

“அனி சொல்லிக் கொடுத்தான்னு?”

“அதுவும் இல்ல. உங்க ரெண்டு பேரையும் நம்புறேன்.”

“அப்புறம் எதுக்கு?”

“நம்புறேன்னு நான் சொல்றது உனக்கும் எனக்கும் போதும். நம்மளைப் பார்த்தே இராதவங்களுக்குப் போதாது. அவங்க எழுதினதும் இதுல இருக்கு.”

“அப்ப இந்த நாற்காலி எதுக்கு அண்ணா? இத்தனை நாளா நீங்க அங்க எதுக்கு உக்காந்திருந்தீங்க?”

திரையின் பக்கம் திரும்பிக்கொண்டு அவளே சொன்னாள்: “நானே எடுக்கிறேன். வேற யாரும் கை வைக்க வேணாம்.”

சாயங்காலம் வரை உட்கார்ந்து எடுத்தாள். கோபத்தில் பிடுங்கிப் போட்ட மாதிரி இல்லை. அது போன பிறகும் மற்ற எல்லாம் தடங்கலின்றி ஓடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நீக்கியதற்கான காரணம் என்ற இடத்தில், ‘கேட்டுக்கொண்டபடி’ என்று மட்டும் எழுதினாள். தன் டீக் கோப்பையைக் கழுவிக் கைப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்களில் சிலர் இப்போது என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். அன்று மாடியில் இருந்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். குற்றமே செய்யாதவள் என்று தெரிந்தும் அவள் வேலையைத் தூக்கிப் போட்டாயே என்று. ஆமாம். இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதையேதான் செய்வேன். நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது, சரியான முடிவு எடுத்தால் மனது லேசாகிவிடும் என்று. ஆகாது. அன்றிரவு எனக்கு நல்ல தூக்கம் வரவில்லை. முடிவு சரி, மனிதருக்கு அது அநியாயம். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு நடக்கலாம். அப்போது செய்ய வேண்டியது, நேரில் போய்ச் சொல்வது, உன்னை நம்பவில்லை என்று பொய்க் காரணம் காட்டாமல் இருப்பது. அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது.

மறுநாளிலிருந்து சுபத்ரா வரவில்லை. அனிர்பான் தினமும் வந்தான். அதுதான் கஷ்டமாக இருந்தது. காலையில் வந்து வணக்கம் சொல்வான், ஒலிப் பகுதியின் தாள்களைக் கொடுப்பான், சாயங்காலம் போவான். அவள் எப்படி இருக்கிறாள் என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முன்பெல்லாம் அவன் டிபன் பாக்ஸில் எனக்கென்று ஒரு அடுக்கில் புளிசாதமோ தயிர்சாதமோ வரும். இப்போது பாக்ஸே ஓர் அடுக்கு குறைந்துவிட்டது.

சாந்த்ராகாச்சிக்கு நானே போனேன். தலைமை ஆசிரியை வங்காளிப் பெண்மணி, ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. இந்த முறை அச்சாகாது என்றேன். ஏன் என்றார். இரண்டு அறை, இரண்டு வாக்கியம், வெற்றுத் தாள் எல்லாவற்றையும் சொன்னேன்.

“சுபத்ரா எழுதினது சரியா வேலை செஞ்சுதா?”

“செஞ்சுது.”

“அதனால எடுத்துட்டீங்க.”

“ஆமாம்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “நான் வருஷம் பூரா விடைத்தாள் திருத்துறவ. ஒரே பெஞ்சில ரெண்டு பொண்ணுங்க ஒரே தப்பைப் பண்ணியிருந்தா எனக்கும் சந்தேகம் வரும். ஆனா வகுப்பு முழுக்க அதே தப்பைப் பண்ணியிருந்தா? அப்ப நான் பொண்ணுங்களைக் கூப்பிட மாட்டேன். கேள்வித்தாளை எடுத்துப் பார்ப்பேன்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த வார்த்தைதான் மண்டைக்குள் இருந்தது. உண்மையைச் சொன்னால், அடுத்து எழுத வருகிறவருக்குக் கொடுப்பதற்காக அந்த இரண்டு வாக்கியங்களையும் மாற்றி எழுதி வைத்திருந்தேன். வெற்றுத் தாள் வரவே வழியில்லாதபடி. வம்பே வேண்டாமே என்று. வந்ததும் முதல் வேலையாக அதைக் கிழித்துப் போட்டேன். பழைய விவரணை, அனிர்பான் எழுதியபடி, ஒரு புள்ளி மாறாமல் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

வெளியீடு அச்சு வசதி இல்லாமலே வந்தது. கணினி என்று சொல்கிறீர்கள், டிவி மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுத ஆள் தேடியதில் ராஞ்சியில் ஒரு கல்லூரி ஆசிரியர் முன்வந்தார். எங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை, அவரும் எங்களைப் பார்த்ததில்லை, அந்தச் சமயத்தில் குழுவில் நடந்த பேச்சும் அவருக்குத் தெரியாது. முதல் மின்னஞ்சலிலேயே, பழைய இயங்குதளத்தின் உள்ளே எட்டிப் பார்த்தது உண்டா என்று கேட்டேன். அதன் வெளிப்புறத்தோடு மல்லுக்கட்டவே தனக்கு நேரம் போதவில்லை என்று பதில் எழுதினார். விவரணையை அனுப்பினேன். எதையும் எச்சரிக்கவில்லை, எதையும் கோடிட்டுக் காட்டவில்லை.

குளிர்காலம் முடியும் தறுவாயில் அவர் நிரல் வந்து சேர்ந்தது. அன்று மத்தியானம் நடைவழியில் அச்சு இயந்திரத்தை இழுத்துப் போட்டு, இரண்டு அறைக்காரர்களையும் அவரவர் வாசலிலேயே நிற்கச் சொன்னேன். சரியாகக் கடைசி வரியில் முடிகிற மாதிரி ஒரு பக்கத்தைத் தயார் செய்து கொடுத்தேன்.

முதல் தாள் வந்தது. நிறைய எழுத்து, அடியில் ஒன்று என்ற எண். இயந்திரம் நின்றது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். பிறகு அது தொண்டையைக் கனைத்துக்கொண்டு இன்னொரு தாளை உள்ளே இழுத்தது. வெறுமையாக வெளியே வந்தது. அடியில், மறுபடியும், ஒன்று.

அனிர்பான் தன் வாசலைத் தாண்டி வந்து அந்தத் தாளை எடுத்தான். திருப்பிப் பார்த்தான், பின்பக்கமும் வெறுமை. மடிக்காமல் என்னிடம் கொடுத்தான்.

“இதை அவகிட்ட நான் எடுத்துட்டுப் போகக் கூடாது, மோனிதா. நீங்க போங்க,” என்றான்.

அன்றே குழுவுக்கு எழுதினேன். வேறோர் ஊரில் வேறொருவர், அதே விவரணையிலிருந்து எழுதியதும் அதையே செய்கிறது, ஆகவே முன்பு எழுதியவர்மேல் எந்தத் தவறும் இல்லை என்று. அவள் பெயரை முழுதாகப் போட்டு எழுதினேன். பிறகு ஜாதவ்பூரில் அவர்கள் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தவள் உள்ளே வரச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. தாளை நீட்டினேன். அந்த ஒற்றை எண்ணை நெடுநேரம் பார்த்தாள்.

“யார் எழுதினது?”

“ராஞ்சியில ஒருத்தர். உன்னைத் தெரியாது.”

“அதே பேப்பரை வச்சா?”

“ஒரு எழுத்து மாத்தல.”

“இதைப் பார்த்தப்புறம்தான் நம்பினீங்களா?”

“இல்லம்மா. அன்னிக்கே நம்பினேன்னு சொன்னேனே.”

“சொன்னீங்க.” தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, “அப்ப என்னோடத திரும்பப் போட்டுடுவீங்களா?” என்றாள்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தே பஸ்ஸில் வந்திருந்தேன். வழியெல்லாம் வேறு பதில் கிடைக்குமா என்று தேடியும் பார்த்திருந்தேன்.

“இல்ல. அவரோடதுதான் இருக்கும். அதைப் பத்தி யாரும் எதுவும் கேக்க முடியாது.”

அவள் முகம் மாறவில்லை. “எப்படி எழுதியிருக்கார்?”

“சுமார். உன்னோடதவிட மெதுவா ஓடுது.”

“ரொம்பவா?”

“டீ குடிச்சிட்டு வரலாம்.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கையில் கண் கலங்கிவிட்டது, எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் காபி இருந்தது. உட்கார்ந்தாள்.

“நான் எழுதுற ரூமுக்கு வர மாட்டேன், அண்ணா. அனி அந்தப் பக்கம் இருக்கிற வரைக்கும் நான் எது எழுதினாலும் இது மறுபடி வரும். அவன் பார்த்ததை அழிக்க முடியாது, அதனால அவன் இந்தப் பக்கம் வர முடியாது. நான் யோசிச்சாச்சு. எனக்கு இருக்கிற இடம் ஒண்ணுதான்.”

“எது?”

“உங்க நாற்காலி.”

நான் காபியைக் கீழே வைத்தேன்.

“நீங்க விவரணையைத் தவிர எதையும் பார்த்ததில்ல. நீங்க எழுதலாம். ராஞ்சிக்காரரோடத வேகமாக்குங்க. நான் வாசல்ல உக்கார்றேன். அனி கொடுக்கிறதைப் படிச்சுட்டு உங்களுக்குத் தள்றதுல யாருக்கும் சந்தேகம் வராது. நான்தான் எதையும் எழுதப் போறதில்லையே.”

அடுத்த வாரம் உகில்பாபுவிடம் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்து, “இதை நான்தான் உனக்குச் சொல்லியிருக்கணும்,” என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

ஐம்பது வயதுக்குமேல் நான் மறுபடியும் நிரல் எழுத உட்கார்ந்தேன். என்னால் முடிந்த அளவு வேகமாக்கினேன். ஆண்டுத் தேர்வு சமயத்தில் சாந்த்ராகாச்சிப் பள்ளிக்கூடத்தில் கணினிகள் ஓடின. ஒரு வகுப்பின் பட்டியல் சரியாகப் பக்கத்தின் அடியில் முடிந்து வெற்றுத் தாள் ஒன்று வந்து விழுந்தபோது, தலைமை ஆசிரியை அதை எடுத்துப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, பழையபடியே இருக்கிறது என்று திருப்தியாகச் சொன்னாராம்.

சுபத்ரா நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதும் அறையின் வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அனிர்பான் ஒலிப் பகுதியின் தாளைக் கொண்டுவந்து நீட்டினான். மனைவியிடம் அல்ல, அந்த நாற்காலியிடம் நீட்டுகிற மாதிரி விறைப்பாக நின்றான். அவள் படித்தாள். ஒரு வாக்கியத்தில் பென்சிலை வைத்து, வங்காளியில் மரியாதைப் பன்மையில் கேட்டாள்:

“இது நீங்க பார்த்ததா, நினைச்சதா?”

அவன் குனிந்து பார்த்தான். அவனுக்கே உரிய நேரத்தை எடுத்துக்கொண்டான்.

“நினைச்சது,” என்றான்.

அவள் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனான்.

அத்தனை வருடம் அதே இடத்தில் உட்கார்ந்து அத்தனை தாள் படித்திருக்கிறேன். எது வரக் கூடாது என்றே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதே இல்லை. உங்களுக்கு என்னிடமிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அது என்னுடையது அல்ல, அவளுடையது.

அன்று சாயங்காலம் இருவரும் ஒன்றாகப் படியிறங்கி ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்கள். வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதும் இனி என் வேலை இல்லை.